கஸியான் கொட்டாவி விடாத நாள்

கஸியான் டார்க்லருக்கு ஏணி என்றால் பயம். பல் வைத்தியர் என்றால் பயம். பக்கத்து வீட்டு வாத்து என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல் பயம். எங்கள் க்லாம் ஊரில் டிராக்டரை இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாத ஒரே ஆண்பிள்ளை அவன்தான். பின்னால் கார்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தால் ஓரம் கட்டி வழி விடுவான். தொப்பியைத் தூக்கி மன்னிப்பும் கேட்பான். குளிர்காலம் வந்துவிட்டால் இதே மனுஷன் காலில் இரண்டு பனிச்சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி மாதிரி உறைந்துகிடக்கும் மலைச்சரிவில் மணிக்கு நூற்று முப்பது கிலோமீட்டரில் இறங்குவான். இருபத்திரண்டு வருஷமாக இறங்கிக்கொண்டிருந்தான். நாற்பத்தொரு வயதாகியும் நிறுத்துகிற வழியைக் காணோம் என்பதுதான் அவன் மனைவி புர்கியின் தலைவலி.

புர்கி எங்கள் ஊர்த் தபால்காரி. யார் வீட்டுக்கு வக்கீல் கடிதம் வருகிறது, யார் வீட்டுக்கு அனுப்பியவர் பெயர் இல்லாத வாசனைக் கடிதம் வருகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால் ஊரில் அவளை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. எதிர்த்துப் பேசாமலேயே அவளை ஏமாற்றத் தெரிந்த ஒரே ஆள் கஸியான். எல்லாவற்றுக்கும் "சரி" என்பான். அடுத்த நவம்பரில் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

போட்டி தொடங்கும் இடத்தில், மலை உச்சிக் குடிசையில், தன் முறைக்காக நிற்கும்போது கஸியான் கொட்டாவி விடுவான். சாதாரணக் கொட்டாவி இல்லை. தாடை கழன்று பனியில் விழுந்துவிடுமோ என்று பார்க்கிறவர்கள் பதறுகிற கொட்டாவி. டிவி வர்ணனையாளர்கள் இருபத்திரண்டு வருஷமாக இதை வைத்தே பிழைப்பு நடத்தினார்கள். "பாருங்கள், என்ன நிதானம்! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தவர் மாதிரி நிற்கிறார்!" என்று உருகுவார்கள். இரும்பு நெஞ்சன் என்று ஒரு பத்திரிகை எழுதியது. இன்னொன்று, இந்த மனிதரின் ரத்தத்தில் பனி ஓடுகிறது என்று எழுதியது.

உண்மை தெரிந்தவர்கள் அப்போது உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி புர்கி. இன்னொருவன் ரோமெட், கஸியானின் பலகைகளுக்குப் பத்தொன்பது வருஷமாக மெழுகு பூசித் தேய்த்துக் கொடுக்கிறவன். கஸியானுக்குப் பயம் வந்தால் வியர்க்காது, கை நடுங்காது, கொட்டாவிதான் வரும். கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் நின்று ஏழு கொட்டாவி விட்டான். மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று புர்கியின் அப்பா கோபித்துக்கொண்டு பாதிப் பூஜையில் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிரவு கஸியான் புர்கியிடம், "பயத்துல வந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல" என்றான். அப்படி ஒப்புக்கொள்கிற ஆண்பிள்ளையை அவள் அதுவரைக்கும் பார்த்ததில்லை. அந்த இடத்தில் அவன் மேல் விழுந்த பிரியம் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவனோடு சேர்ந்து தேசிய அணிக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் பயம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள். தெரியாது என்பதை வாரத்துக்கு ஒரு தரம் பேட்டியில் சொல்லவும் செய்தார்கள். இருபத்தாறு வயதுக்குள் அத்தனை பேரும் பாதையோரப் பாதுகாப்பு வலையில் போய்ச் சிக்கி, மீன் மாதிரி எடுத்துக் காப்பாற்றப்பட்டார்கள். ஒருவன் இன்று இன்ஷூரன்ஸ் விற்கிறான். ஒருவன் விமான நிலையத்தில் சோதனை வாசலைத் தாண்டினால் தொடையிலிருக்கும் ஆணிகளுக்காக மணி அடிக்கிறது. கஸியான் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டே நின்றான். இளசுகள் அவனை "மியூசியம்" என்று கூப்பிட்டார்கள். அவன் ஒரு போட்டிகூட ஜெயித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு தடவை இரண்டாவதாக வந்தான். அந்த இரண்டு கோப்பைகளில் ஒன்றில் புர்கி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். மற்றதில் பூட்டுக்குச் சேராத சாவிகள் கிடக்கின்றன.

ஒரு வருஷம் அணிக்கு ஒரு மனப்பயிற்சியாளரைக் கொண்டுவந்தார்கள். மென்மையான குரல், விலை உயர்ந்த ஸ்வெட்டர். உங்களை ஒரு கழுகாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்றார் அவர். கஸியான் ரொம்ப யோசித்துவிட்டு, "கழுகுக்கு றெக்கை இருக்குங்களே" என்றான். அடுத்த பாடமாக, உங்கள் பயங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி நெருப்பில் போடுங்கள் என்றார். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு வரி எழுதிக் கொளுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கஸியான் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கிவந்து மூன்று நாள் உட்கார்ந்து எழுதினான். எந்த மலை, எந்த வளைவு, எந்த மேடு, எந்த மரத்தின் நிழல் பனியில் விழும் நேரம் என்று ஒவ்வொன்றாக. எங்கள் ஊர் ஆட்டுச்சுவர்ப் பாதைக்கு மட்டும் பன்னிரண்டு பயம் வந்தது. அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ரொட்டி வைக்கிற இழுப்பறையில் பத்திரமாக வைத்தான்.

"எரிக்கச் சொன்னார்ல?" என்றாள் புர்கி.

"எரிச்சுட்டா எங்கெங்க பயப்படணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் கஸியான்.

அவனுடைய வித்தை மொத்தமும் அதுதான். சாப்பாட்டு மேஜையில் திடீரென்று கண்ணை மூடுவான். இரண்டு உள்ளங்கையையும் பலகைகள் மாதிரி முன்னால் நீட்டி, இடது, வலது என்று சாய்த்து, தோளை இறக்கி, மேடு வரும்போது மூச்சை இழுத்து, முழுப் பாதையையும் நாற்காலியிலேயே ஓட்டி முடிப்பான். பன்னிரண்டு இடத்திலும் கொட்டாவி வரும். சூப்பிலிருந்த க்னோடல் உருண்டைகள் ஆறிப்போய்க் கல்லாகிவிடும். புர்கி இதைப் பார்த்துப் பார்த்தே எல்லாப் பாதைகளையும் மனப்பாடம் செய்துவிட்டாள். வாழ்நாளில் பலகை மேல் ஏறாதவள் அவள். ஆனாலும், "யோவ், ஆறாவது எடத்துல இன்னிக்குக் கொட்டாவி வரல. திரும்பப் போ" என்று திருத்துவாள். கஸியான் மறுபேச்சுப் பேசாமல் மேலேயிருந்து மறுபடி ஆரம்பிப்பான்.

போன வருஷம்தான் அது நடந்தது. சொந்த ஊர்ப் போட்டி. ஆட்டுச்சுவரில் பத்தாவது இடத்துக்குப் பாதிரியார் மூக்கு என்று பெயர். மலை திடீரென்று முடிந்து, வெறும் ஆகாயம்தான் எதிரே இருக்கும். கீழே நாற்பது மீட்டர் தள்ளித்தான் மறுபடி பூமி. கஸியான் அன்று மேல்பகுதியில் அபாரமாக வந்தான். மூக்கில் ஏறினான். அதற்கப்புறம் புர்கி கேட்டதெல்லாம் போல்காதான்.

எங்கள் பள்ளத்தாக்கில் எவனாவது வலையில் விழுந்து எழுந்திருக்காமல் கிடந்தால் ஒலிபெருக்கிக்காரன் உடனே போல்கா என்கிற துள்ளாட்டப் பாட்டைப் போட்டுவிடுவான், ஜனங்கள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாதென்று. யாராவது சாகிறார்களோ இல்லையோ, ட்ரம்பெட் குதியாட்டம் போடும். அன்று பதினோரு நிமிஷம் போட்டான். கீழே, முடிவுக்கோட்டுப் பக்கத்தில், கையில் பீர் கோப்பையோடு புர்கி அந்தப் பதினோரு நிமிஷமும் கேட்டாள். ஹெலிகாப்டர் வந்து, கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு விலா எலும்பு, ஒரு தோள்பட்டை, ஏற்கெனவே நான்கு முறை தைத்திருந்த இடது முழங்கால். பிழைத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"மேல நல்லா வந்தேன்ல புர்கி. அந்தச் சந்தோஷத்துல பத்தாவது எடத்துல பயப்பட மறந்துட்டேன்."

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் போல்கா கிடையாது. காரில் ரேடியோவில் வந்தால்கூட அணைத்துவிடுவாள். அவளுடைய தங்கை கல்யாணத்தில் வாத்தியக்காரர்கள் ஆரம்பித்தபோது எழுந்து கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவு வாயாடியான அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. எனக்கே அவள் தங்கை சொல்லித்தான் தெரியும்.

தோள் கூடியதும் கஸியான் வழக்கம்போல, "இதோட நிறுத்திக்கிறேன்" என்றான். ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. அவன் இதற்கு முன் இரண்டு தரம் ஓய்வு பெற்றிருந்தான். முதல் தடவை ரசிகர் சங்கத் தலைவரான கசாப்புக்கடை செவெரின் "நன்றி கஸியான்" என்று போட்டு, கீழே வருஷத்தையும் அச்சடித்து முந்நூறு பனியன் தயார் செய்தான். பேண்டு வாசித்தார்கள், ஒரு முழுப் பன்றியைச் சுட்டார்கள், ஊர்த்தலைவர் அழுதார். இரண்டே வாரத்தில் கஸியான், "இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்றான். செவெரின் பனியன்களில் வருஷத்துக்கு மேல் புது வருஷத்தை ஒட்டினான். மறு வருஷம் அதற்கு மேல் இன்னொன்று. இப்போது நெஞ்சில் ஒரு அட்டை மாதிரி விறைப்பாக நிற்கிறது.

இந்தத் தடவை புர்கி வேறு வழி பார்த்தாள்.

"வாய்ச்சொல்லெல்லாம் வேண்டாம். டவுசர் போட்டுக்கிட்டு இறங்கு."

கஸியான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். "டவுசரா?"

"டவுசர்தான். உங்கப்பாவோட தோல் டவுசர். பரண்ல இருக்கு. நான் எண்ணெய் போட்டுத் தொடச்சி வச்சாச்சு."

எங்கள் பக்கத்தில் வீரர்கள் தங்கள் கடைசி ஓட்டத்தைப் போட்டி உடுப்பில் ஓட மாட்டார்கள். தோல் டவுசர், கட்டம்போட்ட சட்டை, முழங்கால்வரை கம்பளிக் காலுறை. தலைக்கவசத்தின் மேல் ஒரு இறகு. எல்லோருக்கும் கடைசியாக விடுவார்கள். நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கையை ஆட்டிக்கொண்டே இறங்கி, பாதி வழியில் நின்று, வேண்டியவர்களைக் கட்டிப்பிடித்து, ஒரு வாய் சாராயம் குடித்துவிட்டு மெதுவாக வீடு சேர்வார்கள். அப்படி டவுசரில் இறங்கியவன் எவனும் திரும்பிப் போட்டிக்கு வந்ததில்லை. வந்தால் அவனுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தரும் முகம் கொடுக்க மாட்டார்கள்.

"அதைப் போட்டா அப்புறம் திரும்ப முடியாதே, புர்கி."

"அதுக்குத்தான்யா சொல்றேன்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"நீ யோசிக்கிறதுக்கு நான் இன்னொரு பதினோரு நிமிஷம் போல்கா கேக்கணுமா?"

கஸியான் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். அப்புறம் அவன் வாய் மெல்லத் திறந்தது. பெரிய கொட்டாவி. அவ்வளவு பெரியதைப் பாதிரியார் மூக்குக்குக்கூட அவன் விட்டதில்லை.

"பாதி வழியில மாட்டுத்தொட்டி கிட்ட நிப்பேன்" என்றாள் புர்கி. "கையில பேரிக்காய்ச் சாராயம் இருக்கும். அங்க நிக்கிற. குடிக்கிற. அப்புறம் மனுஷன் மாதிரி இறங்கி வீட்டுக்கு வர்ற."

"சரி" என்றான் கஸியான். அவன் "சரி"க்கு என்ன மதிப்பென்று தெரிந்தவள் ஆகையால் அவள் அன்று தூங்கவில்லை.

ஜனவரிச் சனிக்கிழமை. காலையிலிருந்து பொடிப்பனி. முதலில் இறங்கியவர்களெல்லாம் புதுப்பனியில் பலகை ஒட்டிக்கொண்டு, மாவில் நடப்பவர்கள் மாதிரி வந்து சேர்ந்தார்கள். பெரிய பெயர்களெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேட்டி கொடுத்தன. புர்கி மாட்டுத்தொட்டியில், வலைக்கு இந்தப் பக்கம், பாட்டிலையும் இரண்டு சின்னக் கிளாஸையும் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாட்டுத்தொட்டி என்பது ஆட்டுச்சுவரின் நடுவில் ஒரு சமதளத் திட்டு. அதற்கு நூறு மீட்டர் கீழே பாதிரியார் மூக்கு. பக்கத்தில் செவெரின், வயிற்றின் மேல் விறைத்து நிற்கும் பனியனும், மாட்டுக்குக் கட்டுகிற பெரிய மணியுமாக நின்றான்.

"இந்தத் தடவையாவது நெசமா?" என்று கேட்டான் செவெரின். "இனிமே ஒட்டுறதுக்கு நெஞ்சுல எடம் இல்ல."

"டவுசர் போட்டிருக்கான். அதுக்கு மேல என்ன வேணும்?"

"டவுசர் பத்துச்சா?"

"மூச்சு விட்டா பட்டன் தெறிக்கும். அவங்கப்பா ஒல்லிக்குச்சி. தோல் மேல தோலா ஒட்டிக்கிட்டு நிக்குது."

நாற்பதாவது ஆள் இறங்கியபோது பனி நின்றது. மேகம் கிழிந்து வெயில் வந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் குளிரில் பல் கிட்டியது. நாற்பது பேர் தேய்த்துவிட்ட பாதை இப்போது பளபளவென்று மின்னிற்று. நாற்பத்தொன்பதாம் எண் போட்டுக்கொண்டு வந்த, பெயர் தெரியாத ஒரு ஸ்லோவேனியக்காரன் ஐந்தாவது இடத்துக்கு வந்தான். அவனே நம்பாமல் பெரிய திரையில் மூன்று தடவை நேரத்தைப் பார்த்தான். ரோமெட் புர்கியிடம் கொடுத்து வைத்திருந்த கைரேடியோ கரகரத்தது. அவன் மேலே குடிசையில் கஸியானோடு இருந்தான்.

"புர்கி, கேக்குதா?"

"கேக்குது, சொல்லு."

"பாதை பறக்குது. இப்படி ஒரு பாதைய நான் பத்து வருஷமா பாக்கல."

"பறக்கட்டும். நம்மாளு டவுசர்ல வர்றான். நீ எந்தப் பலகையக் குடுத்த?"

ரேடியோவில் ரோமெட் இருமினான்.

"ரோமெட், உன்னைத்தான் கேக்குறேன்."

"அந்த நல்ல ஜோடியத்தான். நாளைக்குச் செவுத்துல மாட்டிடப் போறோம். அதுக்கு முன்னால ஒரு தடவ ஓடட்டுமேன்னு... நல்ல மெழுகும் போட்டுட்டேன். திட்டாதே."

"உன்னை அப்புறம் கவனிச்சிக்கிறேன்."

"இன்னொரு விஷயம். இவன் கொட்டாவி விடல."

"என்னது?"

"விடவே இல்ல. பொறப்படற கம்பிக்குப் பின்னால போயி நின்னாச்சு. சிரிச்சிக்கிட்டு நிக்கிறான். பத்தொம்பது வருஷத்துல இப்படிப் பாத்ததில்ல. எனக்கு என்னமோ பண்ணுது."

"போட்டியா இது, கொட்டாவி வர்றதுக்கு? ஜாலியா கை ஆட்டிக்கிட்டு வரப் போறான். நீ மனசப் போட்டு ஒழப்பிக்காதே" என்றாள் புர்கி. சொல்லிவிட்டாளே தவிர, கோட்டுப் பைக்குள்ளேயே பாட்டில் மூடியைத் திருகித் திறந்துவிட்டாள். கல்யாணத்துக்கே ஏழு விட்டவன்.

ஒலிபெருக்கி அலறியது: "கடைசி எண், கடைசி ஓட்டம், நம்ம ஊர்க் கஸியான்!" செவெரின் மணியை ஆட்டினான். கீழே பேண்டுக்காரர்கள் உமிழ்நீரைத் துடைத்துக்கொண்டு தயாரானார்கள். எல்லோரும் பெரிய திரையைப் பார்த்தார்கள். கையாட்டப் போகிறான், எதையாவது கோணங்கித்தனம் செய்யப் போகிறான் என்று சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள்.

கஸியான் கையாட்டவில்லை. குடிசையிலிருந்து வெளியே வந்தவன் நாலு தள்ளு தள்ளி, குனிந்து, முட்டை மாதிரி சுருண்டுகொண்டான். முதல் வளைவு. இரண்டாவது. புர்கியின் உள்ளங்கைகள் அவளையறியாமல் கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்து முன்னால் நீண்டன. இடது, வலது. மூன்றாவது இடத்தில் அவன் எப்போதும் ஒரு விரற்கடை நிமிர்வான். பயத்துக்குக் கொடுக்கிற மரியாதை அது. நிமிரவில்லை. நாலாவதில் பாதை காட்டும் கம்புக்கு ஒரு முழம் தள்ளிப் போவான். இன்று தோளால் கம்பை உரசிக்கொண்டு போனான்.

"முதல் கட்ட நேரம்!" என்றது ஒலிபெருக்கி. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்னிக்கணும், திரையில தப்பு இருக்கும்போல... இல்ல, சரிதான். மூணாவது எடம். தோல் டவுசர் மூணாவது எடம்!"

செவெரினின் மணி நின்றது. அப்புறம் பள்ளத்தாக்கு வெடித்தது.

"படுபாவி!" என்று பல்லைக் கடித்தாள் புர்கி. "சரின்னு சொல்லிட்டு இப்படிப் பண்றியே!" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. எதிலும் அவன் நிமிரவில்லை. அவள் கைகள் அவனுக்குப் பின்னால் தங்கிவிட்டன. மேஜையில் அவனைத் திருத்துகிறவளால் இன்று அவனைத் தொடர முடியவில்லை. எட்டாவது இடத்தில் இரண்டாவது கட்ட நேரம் விழுந்தது. திரை பச்சையாயிற்று.

"முதலிடம்!" ஒலிபெருக்கிக்காரனுக்குக் குரல் உடைந்துவிட்டது. "செகண்டுல நூத்துல பதினாலு பங்கு முன்னால! முதலிடம்யா, முதலிடம்!"

அடுத்து நடந்ததை புர்கி பிற்பாடு பல நாள் மறுத்தாள். ஆனால் செவெரின் பக்கத்திலேயே நின்றான். வலையின் அந்தப் பக்கம் நாலைந்து பேர் பார்த்தார்கள். அவன் நிறுத்த வேண்டுமென்று ஐந்து வருஷம் அவன் உயிரை எடுத்தவள், வலை மேல் ஒரு காலை வைத்து ஏறி, சாராய பாட்டிலைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு கத்தினாள். "போ! நிக்காதே! போய்யா போ! நின்னேன்னா கொன்னுடுவேன்!" சாராயம் செவெரினின் தலையில் கொட்டியது. இரண்டாம் பரிசுக் கோப்பையில் இத்தனை வருஷம் வெங்காயம் போட்டு வைத்த பெண் அவள். அவளுக்கு இப்படி ஒரு ஆசை உள்ளே கிடந்தது அந்த நிமிஷம்வரை அவளுக்கே தெரியாது.

ஒன்பதாவது வளைவைத் தாண்டி அவன் மாட்டுத்தொட்டிக்குள் வந்தான். தோல் டவுசர் பின்பக்கம் தூக்கி நிற்க, இறகு எங்கேயோ பறந்துபோயிருக்க, ஒரு கறுப்புக் குண்டு மாதிரி வந்தான். வந்தவன் நிமிர்ந்தான். பலகைகள் இரண்டையும் குறுக்கே திருப்பினான். ஆளுயரத்துக்குப் பனி எழும்பியது. அது அடங்கியபோது கஸியான் வலைக்கு ஓரடி தள்ளி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

கீழே கூட்டம் "ஓ" என்று ஒரே குரலில் அலறியதை மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில்கூடக் கேட்டார்களாம்.

"ஏன்யா நின்ன?" புர்கி வலையைப் பிடித்து உலுக்கினாள். "ஏன் நின்ன? காது அடைச்சுப் போச்சா?"

"நீதானே நிக்கச் சொன்ன."

"நீ முதல்ல இருந்தேய்யா! முதல்ல! டவுசர் போட்டுக்கிட்டு!"

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுமா நின்ன?"

செவெரின் தலையிலிருந்து வழிந்த சாராயத்தையும் கண்ணீரையும் சேர்த்துத் துடைத்தான். "பாவி மனுஷா, இன்னும் முப்பது செகண்டு. முப்பதே செகண்டு. எங்க கடை வாசல்ல உனக்குச் செலை வச்சிருப்பேன்."

கஸியான் தலைக்கவசத்தைக் கழற்றினான். முகம் வெளுத்திருந்தது. புர்கியிடம் மட்டும், மெதுவாகச் சொன்னான்.

"ஒம்பது எடம் தாண்டிட்டேன் புர்கி. ஒண்ணுல கூட வரல."

"என்ன வரல?"

அவன் கையுறையைக் கழற்றினான். கையை நீட்டினான். பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவள் கோபத்தோடு ஒரு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தான். காலிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பி, கீழே பாதிரியார் மூக்கைப் பார்த்தான். மலை அங்கே முடிந்தது. அதற்கு அப்பால் ஆகாயமும், வெகு ஆழத்தில் எங்கள் ஊர்க் கூரைகளும்தான் இருந்தன. அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

அப்போது அவன் தாடை மெல்லக் கீழே இறங்கிற்று. வாய் திறந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிற்று. நீளமாக, ஆழமாக, முடிவே இல்லாத மாதிரி ஒரு கொட்டாவி விட்டான்.

"பாத்தியா நெஞ்சழுத்தத்த!" என்று செவெரின் மணியைப் பனியில் வீசினான். "ஊரே செத்துக்கிட்டிருக்கு. இவனுக்குத் தூக்கம் வருதாம்!"

புர்கி வலையைப் பிடித்திருந்த கையை விட்டாள். அவன் கன்னத்தில் அந்தக் கையை வைத்தாள். கன்னம் ஜில்லென்று இருந்தது.

"வந்துடுச்சா?" என்றாள்.

"வந்துடுச்சு" என்றான் கஸியான். இரண்டாவது கொட்டாவி அதற்குள் ஆரம்பித்துவிட்டது.

"சரி. மெதுவா எறங்கு. வீட்டுல க்னோடல் இருக்கு."

அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான். பலகைகளின் முனையைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, முதல் நாள் கற்றுக்கொள்கிற குழந்தைகள் இறங்குவது மாதிரி, டிராக்டர் வேகத்தில் கிளம்பினான். மூக்கின் நுனியில் குறுக்கே திரும்பி, ஓரமாக, பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்துச் சறுக்கி இறங்கினான். ஆட்டுச்சுவரின் வரலாற்றிலேயே மிக மெதுவான நேரம் அது. இன்றைக்கும் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

அவன் தலை மறைந்த பிறகு புர்கி திரையைப் பார்க்கவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றாள். செவெரின் ஏதோ புலம்பினான்; வாயை மூடு என்று கை காட்டினாள். ஒலிபெருக்கி மூச்சு விடவில்லை. ரொம்ப நேரத்துக்கு அப்புறம் கீழேயிருந்து கூட்டத்தின் சிரிப்பும் கைதட்டலும் மேலே ஏறி வந்தன. போல்கா வரவில்லை. அவள் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு கிளாஸை எடுத்து, பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுகளை அதில் தட்டித் தட்டி ஊற்றிக் குடித்தாள்.